முதுகெலும்பில் ஸ்குரூ: வழிகாட்டும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

முதுகில் ஸ்குரூ வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கால் விழுந்துடுமா?" என்பதுதான். சொந்தத்தில் யாருக்கோ, பக்கத்து ஊரில் யாருக்கோ அப்படி ஆனதாக ஒரு கதை உடனே கிளம்பும். அண்மைக் காலமாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: "அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் நேவிகேஷன் வைத்துச் செய்கிறார்களாமே, அங்கேயே போய்விடலாமா?"

இரண்டு கேள்விகளும் நியாயமானவை, ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. முதல் கேள்வியில் இருக்கும் பயத்துக்கு உண்மையான உடற்கூற்றுக் காரணம் உண்டு. அந்தப் பயத்தைக் குறைக்க வந்த கருவியைப் பற்றியது இரண்டாவது. புறநோயாளிப் பிரிவில் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டு, முதுகெலும்பு அறுவை மருத்துவர் என்ற முறையில் விளக்கம் தருகிறேன்.

முதுகுவலி என்று போனாலே ஸ்குரூ வைத்துவிடுவார்களா?

இல்லை, வைக்கவும் கூடாது. முதுகுவலியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓய்வு, மருந்து, உடற்பயிற்சி, பிசியோதெரபி ஆகியவற்றிலேயே சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். 'ஜவ்வு விலகல்' என்று சொல்லப்படும் டிஸ்க் பிரச்சினையும் பலருக்குக் கத்தி இல்லாமலே அடங்கும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும், பிதுங்கி நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்தால் பொதுவாகப் போதும். அங்கே ஸ்குரூவுக்கு வேலை இல்லை.

எலும்பு தன் இடத்தில் நிலையாக நிற்காதபோதுதான் ஸ்குரூ தேவைப்படுகிறது. தென்னை மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து முள்ளெலும்பு நொறுங்கியவர், ஓர் எலும்பு இன்னொன்றின் மேலிருந்து முன்பக்கமாக நழுவியவர், முதுகு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போகும் பிள்ளைகள், காசநோயோ புற்றுநோயோ எலும்பை அரித்துவிட்டவர்கள் ஆகியோருக்குப் பிடிமானம் வேண்டும். முதுகெலும்புக் காசநோயிலும்கூடப் பெரும்பாலானவர்களுக்கு மருந்து மட்டுமே போதும். எலும்பு சரிந்து கூன் விழும்போதும், நரம்பு அழுந்தும்போதும்தான் ஆபரேஷன்.

மேலும் கீழும் உள்ள எலும்புகளில் இரு பக்கமும் ஸ்குரூக்களைப் பதித்து, அவற்றை ராட் எனப்படும் உலோகக் கம்பியால் இணைக்கிறோம். அந்தக் கட்டமைப்புக்குள் எலும்போடு எலும்பு சேர்ந்து வளர 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். அதுவரை தாங்கிப் பிடிப்பதே ஸ்குரூவின் வேலை. எலும்பு சேர்ந்துவிட்டால் பாரத்தை அதுவே ஏற்றுக்கொள்ளும். சேராவிட்டால் எத்தனை துல்லியமாக வைத்த ஸ்குரூவும் ஒருநாள் தளரும், அல்லது உடையும்.

ஸ்குரூ எந்த வழியாக உள்ளே போகிறது? அதில் அப்படி என்ன ஆபத்து?

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்பக்கம் பாரம் தாங்கும் திரண்ட பகுதி உண்டு. பின்பக்கம் ஒரு வளைவு. இரண்டையும் இடமும் வலமுமாக இரண்டு சிறிய எலும்புத் தூண்கள் இணைக்கின்றன. அவற்றுக்குப் பெடிக்கிள் என்று பெயர். பின்னாலிருந்து ஸ்குரூ இந்தத் தூணுக்குள் நுழைந்து முன்பகுதியில் போய்ப் பிடிக்க வேண்டும். ஓர் எலும்பின் முழு வலிமையையும் பின்பக்கத்திலிருந்தே பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் அந்தத் தூணின் அளவில் இருக்கிறது. அடி இடுப்பில், ஐந்தாவது எலும்பில், அது 15 மி.மீ. அளவுக்கு அகலமாக இருக்கும். நெஞ்சுப் பகுதியின் நடுவில், நான்காவது முதல் ஆறாவது எலும்பு வரை, பலருக்கு 4 அல்லது 5 மி.மீ.தான். முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு வளைவின் உள்பக்கத்தில் அதுவும் இருக்காது. நாம் செலுத்தும் ஸ்குரூவின் தடிமனோ இடத்துக்கேற்ப ஏறத்தாழ 4.5 முதல் 7.5 மி.மீ. வரை.

தூணின் உட்சுவரை ஒட்டித்தான் தண்டுவடம் ஓடுகிறது. கீழ்ச்சுவரைத் தொட்டபடி நரம்பு வேர் வெளியேறுகிறது. நெஞ்சுப் பகுதியில் வெளிப்பக்கம் நுரையீரல், முன்பக்கம் மகாதமனி. கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி பக்கத்திலேயே செல்கிறது. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்பு வேர்கள் திரவத்தில் மிதக்கின்றன. அவை கொஞ்சம் விலகிக்கொடுக்கும், தண்டுவடம் விலகிக்கொடுக்காது. ஆகவே ஒரே 3 மி.மீ. பிசகு, அடி இடுப்பில் யாருக்கும் தெரியாமலே போகலாம், நெஞ்சுப் பகுதியில் காலின் பலத்தையே பறிக்கலாம். 'முதுகு ஆபரேஷன்' என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுவதில் இருக்கும் தவறு இதுதான். எந்த எலும்பில் என்று முதலில் கேளுங்கள்.

ஸ்குரூ எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளக்க மருத்துவர்கள் கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் இருவரும் 1990-இல் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். எலும்புக்குள்ளேயே இருந்தால் 'ஏ'. 2 மி.மீ.க்குள் வெளியே வந்திருந்தால் 'பி'. அதற்கு மேல் இரண்டிரண்டு மி.மீ.யாகக் கூடி 'ஈ' வரை போகும். 'ஏ'யும் 'பி'யும் ஏற்கத்தக்கவை என்பது பொதுவான வழக்கம்.

நேவிகேஷன் கருவி வருவதற்கு முன் எப்படி வைத்தார்கள்? கண்ணை மூடிக்கொண்டா?

பாரிஸ் மருத்துவர் ரேமண்ட் ராய்-கமீல் 1963-இல் பெடிக்கிள் வழியாக ஸ்குரூ செலுத்தித் தகடு பொருத்தத் தொடங்கினார். அப்போதிருந்து பல பத்தாண்டுகள் உலகெங்கும் மருத்துவர்கள் எலும்பின் வெளி அடையாளங்களையும் தங்கள் கைகளையும் நம்பியே இதைச் செய்து வந்தார்கள். இன்றும் செய்கிறார்கள்.

அந்த முறை இப்படி இருக்கும். தசையை விலக்கியதும் எலும்பின் மேடு பள்ளங்கள் தெரியும். பக்கவாட்டு நீட்சியும் மூட்டும் சந்திக்கும் இடத்தில் கூர்முனைக் கருவியால் சிறு துளை. பிறகு மழுங்கிய நுனியுள்ள புரோப்பை மெல்லத் திருகியபடி உள்ளே அனுப்புவோம். உள்ளே இருப்பது பஞ்சுபோன்ற எலும்பு. சரியான பாதையில் போனால் ஒரே சீரான எதிர்ப்பு கையில் தெரியும். சுவரைத் தொட்டால் கெட்டியாக முட்டும். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் போனால் எங்கோ வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்த வேண்டும். அடுத்து, நுனியில் சின்ன உருண்டை உள்ள மெல்லிய கம்பியை விட்டு நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் தடவிப் பார்ப்போம். ஐந்தும் எலும்புதான் என்று விரல் சொன்ன பிறகே ஸ்குரூ. கூடவே சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியால் இடையிடையே படம் பார்ப்பதும் உண்டு.

பயிற்சி பெற்ற கை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிம், லென்கே குழுவினர் நெஞ்சுப் பகுதியில் கைத்திறனை மட்டுமே நம்பி 394 பேருக்குச் செலுத்திய 3,204 ஸ்குரூக்களைப் பற்றி 2004-இல் எழுதினார்கள். அவற்றில் 577 ஸ்குரூக்களை சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது 6.2 சதவீதம் குறிப்பிடத்தக்க அளவு சுவரைத் தாண்டியிருந்தன. ஸ்குரூவால் நரம்பு பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. ஆனால் அவர்கள் உலகிலேயே அதிக அளவில் வளைவு ஆபரேஷன் செய்யும் குழுக்களில் ஒன்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சி-ஆர்ம் படத்துக்கும் எல்லை உண்டு. அது தட்டையான நிழல். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஸ்குரூ மேலா கீழா என்று காட்டும். தண்டுவடத்தின் பக்கம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டாது. கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில் தோள்பட்டை மறைக்கும். உடல் பருத்தவர்களுக்கும் எலும்பு மெலிந்தவர்களுக்கும் படமே மங்கலாக விழும்.

நேவிகேஷன் கருவி என்ன செய்கிறது?

1990-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இது முதுகெலும்புக்கு வந்தது. விளம்பரங்களில் 'முதுகெலும்புக்கு ஜி.பி.எஸ்.' என்று போடுகிறார்கள். அது ஓரளவு சரி. செல்போன் மேப்பில் நீங்கள் நகர நகரப் புள்ளி நகர்வதுபோல, இங்கே கருவியின் நுனி நகர நகரத் திரையில் உங்கள் எலும்பின் படத்துக்குள் ஒரு கோடு நகரும். ஆனால் இந்த வரைபடம் பொதுவானதல்ல. உங்கள் உடலில் இருந்து, பெரும்பாலும் அந்த நாளே, அந்த மேஜையிலேயே எடுக்கப்படுவது.

தியேட்டரில் நடப்பதைச் சொல்கிறேன். நோயாளி மயக்கத்தில் குப்புறப் படுத்திருப்பார். முள்ளெலும்பின் முதுகுப்புற நீட்சி ஒன்றில், அல்லது இடுப்பெலும்பில், ஒரு கவ்வியை அசையாமல் இறுக்குவோம். அதன் தலையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சில சிறு உருண்டைகள் இருக்கும். இதை ரெஃபரன்ஸ் ஃபிரேம் என்பார்கள். இனி முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லப்போவது இதுதான். கால்மாட்டிலோ தலைமாட்டிலோ அகச்சிவப்புக் கேமரா ஒன்று இதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

பிறகு ஸ்கேன். மேஜையைச் சுற்றி வளையம் போலச் சுழலும் எக்ஸ்ரே கருவி, அரை நிமிட அளவில் முப்பரிமாணப் படம் எடுக்கும். அந்த நேரத்தில் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் மூச்சைச் சில நொடிகள் நிறுத்திவைப்பதும் உண்டு, நெஞ்சு ஏறி இறங்கினால் படம் பிசகும் என்பதால். மற்ற எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் அல்லது வெளியே போய்விடுவோம். படம் கம்ப்யூட்டருக்குப் போனதும் கேமரா பார்க்கும் இடமும் படத்தில் உள்ள இடமும் பொருத்தப்படும். இதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். இது பிசகினால் அடுத்து வரும் எல்லாமே பிசகும்.

புரோப், துளையிடும் கருவி, ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றின் தலையிலும் அதே உருண்டைகள் உண்டு. நான் புரோப்பின் நுனியை எலும்பில் வைத்தால், திரையில் மூன்று கோணங்களில் வெட்டுப் படம் தெரியும்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, நேரிலிருந்து. இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று ஒரு நீட்சிக் கோடும் காட்டும். 6.5 மி.மீ. ஸ்குரூ கொள்ளுமா, 5.5 போதுமா, 40 மி.மீ. நீளமா 45-ஆ என்று துளையிடும் முன்பே முடிவு செய்துவிடலாம்.

ஆரம்ப காலக் கருவிகளில் முந்தைய நாள் எடுத்த சி.டி. ஸ்கேனையே பயன்படுத்தினார்கள். மல்லாந்து படுத்து எடுத்த படத்துக்கும் குப்புறப் படுத்த முதுகுக்கும் எலும்புகளின் இடைவெளி மாறும். ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியாகத் தொட்டுத் தொட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பாலேயே பல மருத்துவர்கள் கருவியை மூலையில் வைத்துவிட்டார்கள். மேஜையிலேயே ஸ்கேன் எடுக்கும் வசதி 2000-க்குப் பிறகு வந்த பின்தான் நிலைமை மாறியது.

துல்லியம் உண்மையிலேயே கூடுகிறதா, அல்லது விளம்பரமா?

கூடுகிறது. அதற்கு நம் ஊரிலிருந்தே நல்ல ஆதாரம் உண்டு. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், முதுகு வளைந்த 33 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 'ஸ்பைன்' இதழில் 2007-இல் அது வெளியானது. நெஞ்சுப் பகுதியில் நேவிகேஷன் இல்லாமல் வைத்த 236 ஸ்குரூக்களில் 54, அதாவது 23 சதவீதம், பெடிக்கிள் சுவரைத் தாண்டியிருந்தன. நேவிகேஷனோடு வைத்த 242-இல் தாண்டியவை 5 மட்டுமே, 2 சதவீதம். ஒரு ஸ்குரூ வைக்க ஆன சராசரி நேரமும் சுமார் நாலரை நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்துக்குள் வந்தது. உலக அளவில் இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. மிகக் கடினமான எலும்புகளைத் தேர்ந்தெடுத்து, நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்ததே அதன் பெருமை.

அதே 2007-இல் கோஸ்மோபுலோஸ், ஸ்கிசாஸ் இருவரும் 130 ஆய்வுகளைத் தொகுத்து, 37,337 ஸ்குரூக்களைக் கணக்கெடுத்தார்கள். உயிருள்ள நோயாளிகளில் நேவிகேஷனோடு வைத்தவற்றின் துல்லியம் 95.2 சதவீதம், இல்லாமல் வைத்தவற்றில் 90.3 சதவீதம்.

இந்த எண்களை வைத்து ஒரு தவறான முடிவுக்கு வரக் கூடாது. சுவரைத் தாண்டிய ஸ்குரூ எல்லாம் நரம்பைச் சேதப்படுத்திய ஸ்குரூ அல்ல. பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கால் பலவீனமாகும் அளவுக்கு ஸ்குரூவால் பாதிப்பு வருவது நேவிகேஷன் இல்லாத காலத்திலும் அரிதாகவே இருந்தது. அரிதான ஒன்றை இன்னும் அரிதாக்குகிறது இந்தக் கருவி. பாதிக்கப்படும் அந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் 'அரிது' என்பதில் ஆறுதல் இல்லை. அதனால் அந்தச் சிறு வித்தியாசத்துக்காக மெனக்கெடுவதை நான் வீண் என்று நினைக்கவில்லை.

கருவி ஏமாற்றாதா?

ஏமாற்றும். இந்தக் கட்டுரையில் நோயாளிகளுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான செய்தி இதுதான்.

ரெஃபரன்ஸ் ஃபிரேமில் யாராவது முழங்கையால் இடித்துவிட்டால், எலும்பு அசையாமல் இருக்க, ஃபிரேம் மட்டும் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கருவிக்கு அது தெரியாது. திரையில் கோடு அழகாகப் பெடிக்கிளின் நடுவில் ஓடும், கையில் உள்ள புரோப் வேறெங்கோ இருக்கும். எலும்பு மெலிந்த முதியவர்களிடம் கவ்வியின் பிடி தளர்ந்தாலும் இதே கதை. ஃபிரேம் பொருத்திய எலும்பிலிருந்து நான்கைந்து எலும்பு தள்ளிப் போனால் துல்லியம் குறையும். நடுவில் உள்ள மூட்டுகள் அசைவதால் அப்படி ஆகிறது. புரோப்பை ஓங்கி அழுத்தும்போது அந்த எலும்பே கொஞ்சம் உள்வாங்கும். வளைவை நிமிர்த்திய பிறகு பழைய ஸ்கேன் பழைய எலும்பின் படமாகிவிடும். கேமராவுக்கும் கருவிக்கும் நடுவில் ஒருவர் நின்றாலோ, உருண்டையில் ரத்தம் பட்டாலோ படம் நின்றுவிடும். இது மட்டும் பாதுகாப்பான கோளாறு, ஏனென்றால் நின்றுவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால்தான் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஓர் எலும்பு முனையைத் தொட்டு, திரையிலும் அதே முனையில் நுனி நிற்கிறதா என்று பார்க்கிறோம். சில நொடி வேலை. ஒரு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டும், அதற்கு மேல் என்றால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். நான் உதவிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் வற்புறுத்துவது ஒன்றுதான்: திரை ஒன்றைச் சொல்லி, விரல் வேறொன்றைச் சொன்னால், விரலை நம்பி நிறுத்து. விரலுக்கு அந்த அறிவு வர வேண்டுமானால், நேவிகேஷன் இல்லாமலும் ஸ்குரூ வைக்கக் கற்றிருக்க வேண்டும். கருவியோடு மட்டுமே பழகிய தலைமுறை ஒன்று உருவாகிவிடுமோ என்ற கவலை மருத்துவ உலகில் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

ரோபோ வந்துவிட்டதாமே, அதுவே வைத்துவிடுமா?

இப்போது பயன்பாட்டில் உள்ள முதுகெலும்பு ரோபோக்கள் பெரும்பாலும் ஸ்குரூ போக வேண்டிய திசையில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. அதன் வழியாகத் துளையிடுவதும் ஸ்குரூவை முடுக்குவதும் மருத்துவரின் கைதான். இஸ்ரேலில் உருவான 'ஸ்பைன் அசிஸ்ட்' இந்த வகையில் முன்னோடி. அதை வைத்து ஜெர்மனியில் 60 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானபோது பலர் திகைத்தார்கள். கையால் வைத்தவற்றில் 93 சதவீதம் நல்ல இடத்தில் இருக்க, ரோபோ உதவியோடு வைத்தவற்றில் 85 சதவீதமே அப்படி இருந்தன. குழாயின் நுனி எலும்பின் சரிவில் வழுக்கியதும், ரோபோவை உடலோடு பொருத்திய விதமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அதன் பின் வந்த ரோபோக்கள் நேவிகேஷனையும் சேர்த்துக்கொண்டு வெகுவாக மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் புதியது என்பதால் மட்டும் சிறந்ததாகிவிடாது என்பதற்கு அந்த ஆய்வை நான் மறப்பதில்லை.

இவ்வளவு ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சி-ஆர்ம் முறையில் மருத்துவரும் செவிலியரும் ஈய ஏப்ரன் அணிந்து பக்கத்திலேயே நிற்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சு சேர்கிறது. மேஜை ஸ்கேன் முறையில் அவர்களுக்கு அது மிகவும் குறைகிறது. நோயாளிக்கோ சில நேரம் கூடலாம். இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேன் ஒன்றின் அளவு சுமார் 6 மில்லிசீவர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நாம் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். பெரியவர் ஒருவருக்கு, வாழ்நாளில் ஒருமுறை செய்யும் ஆபரேஷனுக்கு, இது கவலைப்படும் அளவல்ல. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் குறைந்த கதிர்வீச்சு அமைப்பில் எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, எக்ஸ்ரேக்கு முன்பே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நேவிகேஷன் இல்லை. அங்கே செய்துகொள்ளலாமா?

எந்த எலும்பு, என்ன நோய் என்பதைப் பொறுத்தது. அடி இடுப்பில் ஒன்றிரண்டு எலும்பை இணைக்கும் வழக்கமான ஆபரேஷனுக்கு, அனுபவமுள்ள மருத்துவரும் நல்ல சி-ஆர்மும் இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். நேவிகேஷன் இல்லை என்பதற்காக மட்டும் கடன் வாங்கிக்கொண்டு பெருநகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. விபத்தில் அடிபட்டு நரம்பு அழுந்திக் கிடப்பவரை, கருவி இருக்கும் இடம் தேடி அலைக்கழிப்பது அதைவிடப் பெரிய தவறு. அங்கே நேரம்தான் முக்கியம்.

முதுகு கடுமையாக வளைந்த பிள்ளை, பிறவியிலேயே எலும்பு அமைப்பு மாறியிருப்பவர், ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் ஆகி அடையாளங்களே அழிந்து போனவர், சிறு துளை வழியாகச் செய்துகொள்ள விரும்புபவர், கழுத்தின் மேற்பகுதியில் ஸ்குரூ தேவைப்படுபவர் ஆகியோருக்கு, நேரம் இருந்தால், நேவிகேஷன் உள்ள இடத்துக்குப் போவது நல்லது என்பேன். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைத் தகடும் ஸ்குரூவும் கொண்டு பிணைக்கும் முறையை 1994-இல் எழுதி உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மும்பையைச் சேர்ந்த டாக்டர் அதுல் கோயல். அன்று அவர் கையில் இந்தக் கருவி கிடையாது. அப்படிப்பட்ட கைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, ஆகவேதான் கருவி வேண்டியிருக்கிறது.

கட்டணம் பற்றி முன்கூட்டியே கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேவிகேஷனுக்குத் தனியாக வசூலிக்கிறார்களா, உங்கள் காப்பீட்டில் அது அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதானவர், எலும்பு தேய்ந்தவர். நேவிகேஷன் இருந்தால் பயமில்லையா?

இடம் சரியாக அமையும், ஆனால் பிடிமானம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குச் சரியான இடத்தில் வைத்த ஸ்குரூவும் தளரலாம். ஆபரேஷனுக்கு முன் எலும்பு அடர்த்தி சோதனை, தேவையானால் வலுவூட்டும் மருந்து, சிலருக்கு ஸ்குரூவைச் சுற்றி எலும்பு சிமென்ட் என்று தனித் திட்டம் வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைபிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், புகை எலும்பு சேர்வதைக் கெடுக்கிறது. இந்த விஷயங்களில் காட்டும் அக்கறை, எந்தக் கம்பெனிக் கருவி என்று விசாரிப்பதைவிடப் பலன் தரும்.

ஸ்குரூ உள்ளே இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? விமானத்தில் போகலாமா?

இப்போது வைக்கப்படுபவை பெரும்பாலும் டைட்டானியம் கலவை. காந்தம் அதை இழுக்காது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்குரூ இருக்கும் இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் மங்கும். விமானப் பயணத்துக்குத் தடை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டால் சோதனையில் விளக்கம் சொல்ல வசதி.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

எனக்கு ஏன் ஸ்குரூ தேவை, அது இல்லாமல் செய்ய வழி இல்லையா என்பது முதல் கேள்வி. தேவையில்லாத இடத்தில் மிகத் துல்லியமாக வைத்த ஸ்குரூவும் தேவையில்லாத ஸ்குரூதான். எந்த எலும்புகளில், மொத்தம் எத்தனை, இதே ஆபரேஷனை நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்பது அடுத்தது. ஸ்குரூக்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று மயக்கம் தெளியும் முன்பே எப்படி உறுதி செய்வீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். மேஜையிலேயே மறு ஸ்கேன் எடுக்க முடிந்தால், பிசகிய ஸ்குரூவை அப்போதே மாற்றிவிடலாம், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படாது. நேவிகேஷனின் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று, விளம்பரத்தில்தான் வருவதில்லை. தண்டுவடம் இருக்கும் பகுதியில் ஆபரேஷன் என்றால், நரம்பின் மின் சமிக்ஞைகளைத் தொடர்ந்து கவனிக்கும் நியூரோ மானிட்டரிங் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பிறகு புதிதாகக் காலோ கையோ பலம் குறைந்தாலும், ஒரே காலில் மின்சாரம் பாய்வதுபோலத் தாங்க முடியாத வலி வந்தாலும், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலும், குழாய் எடுத்த பின் சிறுநீர் வராமல் அடைத்தாலும் அந்த நிமிடமே செவிலியரிடம் சொல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் சொல்லுங்கள். 'ஆபரேஷன் வலியாக இருக்கும், காலையில் டாக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பொறுத்திருக்க வேண்டாம். நரம்பை அழுத்தும் ஸ்குரூவை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம்.